பேக்கேஜ் இன்ஸ்டால் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பிராஞ்ச் மாற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள், டாக்கர் இமேஜ் பில்ட் ஆகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே சொந்தக் கணினியில் செய்யும் டெவலப்மென்ட் வேலையைப் பற்றியவை. நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் என்பிஎம், பிஎன்பிஎம், பைதான் பக்கம் பிப், யூவி ஆகிய பேக்கேஜ் இன்ஸ்டால் டூல்களைச் சுற்றியே பெரும்பாலான பதில்கள் இருக்கும். மற்றவை போகிறபோக்கில் வரும்.

1. இன்ஸ்டால்னு அடிச்சதும் உள்ளே என்னதான் நடக்குது?

ஐந்து வேலைகள் நடக்கின்றன. முதலாவது, எந்தப் பேக்கேஜின் (பிறர் எழுதி வெளியிட்ட கோட் தொகுப்பின்) எந்தப் பதிப்பு வேண்டும் என்று கணக்குப் போடுவது. நீங்கள் கேட்டது பத்துப் பேக்கேஜாக இருக்கலாம். அவை வேறு சிலவற்றைக் கேட்கும், அவை இன்னும் சிலவற்றைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் பதிப்புகளைக் கண்டுபிடிக்க ரெஜிஸ்ட்ரியிடம் (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வர்) திரும்பத் திரும்பத் தகவல் கேட்க வேண்டும். இரண்டாவது டவுன்லோட். மூன்றாவது, சுருக்கி வந்த ஃபைலைப் பிரிப்பது. நான்காவது, பிரித்த ஃபைல்களை புராஜெக்டுக்குள் உரிய இடத்தில் வைப்பது. கடைசியாக, சில பேக்கேஜ்கள் தங்களுக்கென்று ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்: சி கோடை கம்பைல் செய்யும், அல்லது வேறு சர்வரிலிருந்து ஒரு பைனரியை இறக்கும்.

கணக்குப் போடும் கட்டத்தில் நெட்டின் தாமதம் கடிக்கும். டவுன்லோடில் நெட்டின் அகலம் கடிக்கும். பிரிப்பதற்கு சிபியு வேண்டும், வைப்பதற்கு டிஸ்க் வேண்டும், ஸ்கிரிப்டுக்கு மறுபடி சிபியு. எந்தக் கட்டம் உங்களைத் தடுக்கிறது என்று தெரியாமல் டூலை மாற்றினால், பாதி நேரம் எந்தப் பலனும் இருக்காது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றைத் தவிர்ப்பது பற்றியோ, ஒருமுறை செய்ததையே மறுபடி பயன்படுத்துவது பற்றியோதான்.

2. நெட் ஸ்பீடு கூட்டினா சரியாயிடும்தானே?

பெரிய பேக்கேஜ்கள் என்றால் ஓரளவு சரியாகும். பைதானில் ஒரே வீல் (தயார்நிலையில் வரும் பேக்கேஜ் ஃபைல்) நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும் சமயங்களில் நெட்டின் அகலம் முக்கியம். நோட் பக்கம் கதை வேறு. அங்கே வருவது சின்னச் சின்னப் பேக்கேஜ்கள். ஆனால் எண்ணிக்கை பல நூறு, ஃபைல்களாகப் பிரித்தால் பல்லாயிரம். ஒவ்வொரு ஃபைலையும் உருவாக்கி, எழுதி, மூடுவதில்தான் நேரம் போகிறது. அதற்கு வேகமான நெட் உதவாது.

3. எந்தக் கட்டத்துல நேரம் போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று விதமாக ஓட்டி நேரம் பாருங்கள். கமாண்டுக்கு முன்னால் 'டைம்' சேர்த்தால் போதும். முதல் ஓட்டம்: கேஷும் (முன்பு டவுன்லோட் செய்தவற்றைச் சேமித்துவைக்கும் ஃபோல்டர்) இல்லை, புராஜெக்டில் இன்ஸ்டால் ஆனதும் இல்லை. இரண்டாவது: கேஷ் இருக்கிறது, பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை மட்டும் அழித்திருக்கிறீர்கள். பைதான் என்றால் புராஜெக்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்டை அழித்திருக்கிறீர்கள். மூன்றாவது: எதுவுமே மாறவில்லை, சும்மா மறுபடி இன்ஸ்டால்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பிரச்சினை நெட்டில். இரண்டாவதே மெதுவாக இருந்தால் டிஸ்க்கிலோ ஸ்கிரிப்டிலோ. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, என்பிஎம்மில் 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். நேரம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி ஸ்கிரிப்ட். மூன்றாவது ஓட்டம் சில வினாடிகளைத் தாண்டுகிறது என்றால் எங்கோ லாக் ஃபைல் (அடுத்த பதிலில் வருகிறது) பயன்படவில்லை, அல்லது ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் நெட்டைத் தொடுகிறது.

கேஷ் இல்லாத ஓட்டத்துக்காக உங்கள் கேஷை அழிக்க வேண்டாம். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் வேறு காலி ஃபோல்டரைக் கேஷாகக் காட்டலாம். என்பிஎம், பிப், யூவி மூன்றிலும் அதற்கு வழி இருக்கிறது.

4. லாக் ஃபைல் வேகத்துக்கும் உதவுமா? இல்ல எல்லாருக்கும் ஒரே பதிப்பு வரணும்னு மட்டும்தானா?

இரண்டுக்கும்தான். லாக் ஃபைலில் எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எங்கே கிடைக்கும், அதன் ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) என்ன என்று எல்லாம் எழுதியிருக்கும். அதனால் முதல் கட்டமான கணக்குப் போடும் வேலை ஏறக்குறைய முழுதாகவே மறைந்துவிடும், டவுன்லோட் உடனே தொடங்கும். என்பிஎம்மில் 2017இல் வந்த 5ஆவது பதிப்பிலிருந்து லாக் ஃபைல் தானாகவே உருவாகிறது. அதை கிட்டில் சேர்க்காமல் இக்னோர் பட்டியலில் போட்டிருக்கும் புராஜெக்டுகளை இன்னும் பார்க்கிறேன். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பைதானில் வெறும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் பதிப்பு எண் இல்லாமல் பெயர்களை மட்டும் எழுதிவைத்தால் லாக் ஃபைல் இல்லாததற்குச் சமம். பிப்பின் 20.3ஆவது பதிப்பில், 2020இல் வந்த புதிய ரிசால்வர் (பதிப்புகளைக் கணக்குப் போடும் பகுதி), ஒத்துப்போகாத பதிப்பைச் சந்தித்தால் பின்னால் போய்ப் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ஒரே பேக்கேஜின் பல பதிப்புகள் வரிசையாக டவுன்லோட் ஆவதை டெர்மினலில் பார்த்தால் நடப்பது அதுதான். 'பிப்-டூல்ஸ்', 'யூவி லாக்', 'பொயட்ரி' ஏதாவது ஒன்றை வைத்து எல்லாப் பதிப்பையும் கட்டிவிட்டால் இந்தத் தேடல் நின்றுவிடும்.

5. என்பிஎம் இன்ஸ்டால், என்பிஎம் சிஐ – லோக்கல்ல எதைப் போடணும்?

தினசரி வேலைக்கு 'இன்ஸ்டால்'. 'சிஐ' என்ற கமாண்ட் வேலையைத் தொடங்குமுன் இருக்கிற நோட் மாட்யூல்ஸை முழுக்க அழித்துவிடும். ஏதோ ஒரு பேக்கேஜ் மட்டும் மாறியிருந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி வைக்கும். காலியான சர்வரில் அது சரி. உங்கள் கணினியில் அது வீண் வேலை.

'சிஐ'க்கு ஒரு நல்ல குணம் உண்டு: லாக் ஃபைலை அது ஒருபோதும் மாற்றாது, பேக்கேஜ் ஜேசானோடு (புராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) ஒத்துப்போகவில்லை என்றால் நின்றுவிடும். ஏதோ குழப்பம், சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்று தோன்றும்போது அதைப் போடுங்கள்.

6. எரர் வந்தா நோட் மாட்யூல்ஸ், லாக் ஃபைல், கேஷ் மூணையும் அழிச்சிட்டு இன்ஸ்டால் போடுவேன். அது தப்பா?

ஆமாம், இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றில் அழிக்கத் தகுந்தது நோட் மாட்யூல்ஸ் மட்டும்தான். லாக் ஃபைலை அழித்தால் அன்றைக்கு ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் புதிய பதிப்புகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு எரரைத் தீர்க்கப்போய் நாற்பது பேக்கேஜின் பதிப்பை மாற்றியிருப்பீர்கள். பிறகு எது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேஷைப் பொறுத்தவரை, என்பிஎம் ஒவ்வொன்றையும் அதன் ஹாஷை வைத்தே சேமிக்கிறது. எடுக்கும்போதும் ஹாஷைச் சரிபார்க்கிறது. கெட்டுப்போன ஃபைல் அமைதியாக உங்கள் புராஜெக்டுக்குள் நுழைந்துவிடாது. சந்தேகம் தீரவில்லை என்றால் 'என்பிஎம் கேஷ் வெரிஃபை' போடுங்கள். தேவையில்லாததையும் அது கழித்துவிடும்.

7. ஆனா கேஷ் டிஸ்க்ல ஏகப்பட்ட இடத்தைப் பிடிக்குதே?

அப்படியென்றால் கத்தரியுங்கள், முழுதாக அழிக்காதீர்கள். பிஎன்பிஎம்மில் 'ஸ்டோர் ப்ரூன்', யூவியில் 'கேஷ் ப்ரூன்'. இரண்டுமே தேவையற்றதை மட்டும் நீக்கும்.

8. நெட்டே தொடாம இன்ஸ்டால் பண்ண முடியுமா? பயணத்துல இருக்கும்போது வேணும்.

முடியும், கேஷ் நிரம்பியிருந்தால். என்பிஎம்மில் இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. 'ஆஃப்லைன்' என்றால் கேஷில் இல்லாததற்கு எரர் கொடுத்து நின்றுவிடும். 'ப்ரிஃபர்-ஆஃப்லைன்' என்றால் கேஷில் இருப்பதைப் பழையதா புதியதா என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளும்; இல்லாததை மட்டும் நெட்டில் தேடும். இரண்டாவதை நான் எப்போதுமே கான்ஃபிக் ஃபைலில் வைத்திருப்பேன். லாக் ஃபைல் இருக்கும் புராஜெக்டில் அதனால் இழப்பு எதுவும் இல்லை. புதிதாக ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது மட்டும், கேஷில் இருக்கும் பழைய தகவலை நம்பி நேற்றைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு. அப்போது பதிப்பைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பிப்பில் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். 'பிப் டவுன்லோட்' கமாண்டால் தேவையான வீல்களை ஒரு ஃபோல்டரில் இறக்கிவைத்து, பிறகு 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் நெட் இல்லாமலே இன்ஸ்டால் ஆகும். யூவி, ரஸ்டின் கார்கோ இரண்டிலும் 'ஆஃப்லைன்' நேரடியாகவே இருக்கிறது.

9. ஆடிட், ஃபண்ட் இதெல்லாம் ஆஃப் பண்ணினா வேகம் கூடுமா?

கொஞ்சம். 'நோ-ஆடிட்' கொடுத்தால் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேட ரெஜிஸ்ட்ரிக்குப் போகும் ஒரு விசாரணை மிச்சம். நெட் தாமதமாக இருக்கும் இடத்தில் அது தெரியும். 'நோ-ஃபண்ட்' நிதியுதவி பற்றிய செய்தியை மட்டும்தான் மறைக்கிறது. ஆடிட்டை இங்கே நிறுத்தினால் சிஐ சர்வரில் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) தனியாக ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

10. பிஎன்பிஎம் உண்மையிலேயே வேகமா? அது என்ன வித்தியாசமா பண்ணுது?

கேஷ் நிரம்பிய பிறகு நிச்சயமாக வேகம்தான், அதற்குத் தெளிவான காரணமும் இருக்கிறது. என்பிஎம் தன் கேஷில் வைத்திருப்பது சுருக்கிய ஃபைலை. அதனால் கேஷ் இருந்தாலும் ஒவ்வொரு புராஜெக்டிலும் பிரிக்கும் வேலையும் எழுதும் வேலையும் மறுபடி நடக்கும். பிஎன்பிஎம் ஒவ்வொரு ஃபைலையும் ஏற்கெனவே பிரித்து, கணினி முழுவதற்கும் பொதுவான ஒரு ஸ்டோரில் வைத்திருக்கிறது. புராஜெக்டுக்குத் தேவைப்படும்போது அங்கிருந்து ஹார்டு லிங்க் (காப்பி எடுக்காமல் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடுகிறது. ஃபைல் சிஸ்டம் அனுமதித்தால் குளோன் (மாற்றும்வரை கூடுதல் இடம் பிடிக்காத காப்பி) செய்கிறது. மேக்கின் ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் போன்றவை அனுமதிக்கும். இதனால் மூன்றாவது கட்டம் மறைகிறது, நான்காவது கட்டம் மலிவாகிறது, பத்துப் புராஜெக்ட் இருந்தாலும் டிஸ்க்கில் ஒரு பிரதிதான்.

ஆனால் ஹார்டு லிங்க் ஒரு டிஸ்க் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. ஸ்டோர் ஒரு டிரைவிலும் புராஜெக்ட் இன்னொரு டிரைவிலும் இருந்தால் காப்பிதான் நடக்கும், வேகமெல்லாம் போய்விடும். "மாறிப் பார்த்தேன், ஒன்றும் வித்தியாசமில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இன்னொன்று: டீபக் செய்ய நோட் மாட்யூல்ஸுக்குள் போய் ஒரு ஃபைலைத் திருத்தும் பழக்கம் இருந்தால், ஹார்டு லிங்க் உள்ள இடத்தில் அந்தத் திருத்தம் ஸ்டோருக்கும், அதைப் பகிரும் மற்ற புராஜெக்டுகளுக்கும் போய்ச் சேரும். அதற்காகவே 'பிஎன்பிஎம் பேட்ச்' இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மாறும்போது சில இம்போர்ட்டுகள் உடையலாம். என்பிஎம் எல்லாப் பேக்கேஜையும் மேல்மட்டத்துக்குத் தூக்கிவைப்பதால், நீங்கள் பேக்கேஜ் ஜேசானில் எழுதாத ஒன்றைக்கூட இம்போர்ட் செய்ய முடிகிறது. பிஎன்பிஎம் அதை அனுமதிக்காது. உடைவது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அது உங்கள் புராஜெக்டில் ஏற்கெனவே இருந்த ஓட்டை. விடுபட்ட பெயர்களைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

11. பன், யார்ன் இதெல்லாம்?

2023இல் 1.0 வந்த பன், இன்ஸ்டால் வேகத்துக்கே பெயர் பெற்றது. அதன் ரன்டைமை எடுத்துக்கொள்ளாமல் இன்ஸ்டால் கமாண்டை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியும். யார்னின் 2ஆவது பதிப்பிலிருந்து இயல்பான முறையாகிவிட்ட பிளக்-அண்டு-பிளே நோட் மாட்யூல்ஸையே உருவாக்காது. ஜிப் ஃபைல்களிலிருந்து நேரே படிக்கும். நான்காவது கட்டமே இல்லாமல் போவது நல்ல யோசனைதான். ஆனால் எடிட்டருக்கும் சில டூல்களுக்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய புராஜெக்டில் முழு டீமும் சம்மதித்தால் மட்டும் இறங்குங்கள். ஒரே ரெப்போவில் ஆளுக்கொரு டூல், ஆளுக்கொரு லாக் ஃபைல் என்று மட்டும் வைக்காதீர்கள்.

12. பிப் மெதுவா இருக்கு. யூவிக்கு மாறணுமா?

மாறுங்கள். இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் சொல்லும் பரிந்துரை இது ஒன்றுதான். யூவி 2024 பிப்ரவரியில் வந்தது, ரஸ்டில் எழுதியது. ரஸ்ட் என்பதால் மட்டும் வேகம் வந்துவிடவில்லை. பிப் பேக்கேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளும். யூவி பலவற்றை ஒரே நேரத்தில் இறக்கும். பிப் கேஷில் வீலை வைத்திருந்தாலும் ஒவ்வொரு என்விரான்மென்டிலும் அதைப் புதிதாகப் பிரிக்கும். யூவி பிரித்த நிலையிலேயே வைத்திருந்து லிங்க் அல்லது குளோன் செய்யும். 10ஆவது பதிலில் பிஎன்பிஎம்மைப் பற்றிச் சொன்ன அதே உத்தி, அதே எச்சரிக்கையும்கூட: கேஷும் என்விரான்மென்டும் ஒரே டிஸ்க் பகுதியில் இருக்கட்டும்.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. பிப் இன்ஸ்டால் செய்யும்போதே எல்லாப் பைதான் ஃபைலையும் பைட்கோடாக மாற்றிவைக்கும். யூவி இயல்பாக அதைச் செய்யாது. அதனால் இன்ஸ்டால் வேகமாக முடிந்து, முதல் முறை புரோகிராம் ஓடும்போது கொஞ்சம் தயங்கும். லோக்கலில் இது லாபமே, ஏனென்றால் பாதி மாட்யூல்களை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

ஒரேயடியாக மாறத் தயக்கம் என்றால், ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு 'பிப் இன்ஸ்டால்' என்பதை 'யூவி பிப் இன்ஸ்டால்' என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

13. "பில்டிங் வீல்"னு வந்து அங்கேயே நிக்குது. என்ன பண்ணலாம்?

உங்கள் கணினிக்குப் பொருந்தும் தயார் வீல் கிடைக்கவில்லை. அதனால் சோர்ஸை இறக்கி இங்கேயே கம்பைல் செய்கிறது என்று பொருள். யூவிக்கு மாறினாலும் இது குறையாது, கம்பைலருக்கு அதே வேலைதான்.

மிகப் பொதுவான காரணம், பைதானின் புத்தம்புதிய பதிப்பைப் போட்டிருப்பது. சி எக்ஸ்டென்ஷன் உள்ள பேக்கேஜ்கள் புதிய பதிப்புக்கான வீலை வெளியிடச் சிறிது காலம் எடுக்கும். ஒரு பதிப்பு கீழே போனால் பிரச்சினை தீரும். அடுத்த காரணம், நீங்கள் கட்டிவைத்திருக்கும் பேக்கேஜ் பதிப்பு மிகப் பழையது. அது வந்தபோது உங்கள் பைதான் பதிப்போ, ஏஆர்எம் சிப்போ இருந்திருக்காது. மூன்றாவது, ஆல்பைன் லினக்ஸ். அது வழக்கமான சி லைப்ரரிக்குப் பதில் மசல் என்பதைப் பயன்படுத்துவதால் சாதாரண லினக்ஸ் வீல்கள் அங்கே ஓடாது. மசலுக்கென்று தனி வீல் வகை 2021இல் வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பேக்கேஜும் அதை வெளியிடுவதில்லை. இமேஜ் சின்னதாக இருக்கட்டும் என்று ஆல்பைனை எடுத்து, கம்பைல் செய்தே நேரத்தைத் தொலைப்பதைவிட டெபியன் ஸ்லிம் இமேஜ் மேல்.

கம்பைல் நடக்கவே கூடாது என்றால் 'ஒன்லி-பைனரி' ஆப்ஷனைக் கொடுங்கள். வீல் இல்லாவிட்டால் உடனே எரர் வரும். இருபது நிமிடம் கழித்து வரும் எரரைவிட அது எவ்வளவோ மேல். கம்பைல் தவிர்க்கவே முடியாது என்றால், ஒருமுறை உருவான வீலை பிப் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். 'நோ-கேஷ்-டைரக்டரி' என்ற ஆப்ஷன் எங்கிருந்தோ காப்பியடித்த ஸ்கிரிப்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

14. பைடார்ச் போட்டா பல ஜிபி இறங்குது. ஜிபியுவே இல்லாத லேப்டாப் என்னுது.

லினக்ஸில் பைபிஐயிலிருந்து (பைதானின் பொது ரெஜிஸ்ட்ரி) இயல்பாக வருவது கூடா (என்விடியா ஜிபியுவுக்கான மென்பொருள்) சேர்ந்த பதிப்பு, என்விடியாவின் லைப்ரரிகளையும் கூடவே இழுத்துவரும். பைடார்ச்சே சிபியுவுக்கு மட்டுமான வீல்களைத் தனி இன்டெக்ஸில் வைத்திருக்கிறது. அவர்கள் தளத்தின் இன்ஸ்டால் பக்கத்தில் சிபியு என்று தேர்ந்தெடுத்தால் அந்த முகவரி கிடைக்கும். வேறெந்த உத்தியும் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தராது.

15. இன்ஸ்டால் முடியுற நேரத்துல ஏதோ ஸ்கிரிப்ட் ஓடுது. அதை நிறுத்திடலாமா?

எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பப்பெட்டியர், சைப்ரஸ் போன்ற பிரவுசர் டெஸ்ட் டூல்கள் இந்தக் கட்டத்தில்தான் ஒரு பிரவுசரையோ பெரிய பைனரியையோ இறக்குகின்றன. நீங்கள் இன்று டெஸ்ட் ஓட்டப்போவதில்லை என்றால் அது தேவையில்லை. அந்த டவுன்லோடை மட்டும் தவிர்க்க இரண்டுக்குமே என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது.

எல்லா ஸ்கிரிப்டையும் மூடி, தேவையானதை மட்டும் திறப்பது இன்னும் நல்லது. 2025இல் வந்த பிஎன்பிஎம் 10, டிபென்டன்சிகளின் (உங்கள் புராஜெக்ட் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின்) இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே ஓட்டுவதில்லை. 'அப்ரூவ்-பில்ட்ஸ்' மூலம் நீங்கள் அனுமதித்தவை மட்டும் ஓடும். பன்னும் நம்பிக்கைப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் ஓட்டுகிறது. இதில் பாதுகாப்பும் சேர்ந்தே வருகிறது: முகம் தெரியாத ஒருவரின் கோட் உங்கள் கணினியில் உங்கள் உரிமைகளோடு ஓடும் இடம் இது. வேகத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது மூடிவையுங்கள்.

16. விண்டோஸ்ல மட்டும் ஏன் இவ்வளவு மெதுவா?

பல்லாயிரம் சின்ன ஃபைல்களை உருவாக்கும்போது ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் திறந்து பார்க்கிறது. இதற்காகவே விண்டோஸ் 11இல் டெவ் டிரைவ் என்ற வசதி வந்தது. ஆர்இஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு தனிப் பகுதி. குறைந்தது 50 ஜிபி வேண்டும். அங்கே டிஃபெண்டர், ஃபைல் திறப்பதைத் தடுத்து நிறுத்தாமல் பிறகு சோதிக்கும். புராஜெக்டை மட்டுமல்ல, பேக்கேஜ் கேஷையும் அதற்குள் வையுங்கள். ஆன்டிவைரஸை முழுக்க அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுவலகக் கணினி என்றால் விலக்கு வேண்டும் என்று ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: லினக்ஸ் டெர்மினலில் இருந்துகொண்டு சி டிரைவில் இருக்கும் புராஜெக்டில் இன்ஸ்டால் போட்டால் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு உலகங்களுக்கு நடுவே போய் வர வேண்டும். ரெப்போவை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் குளோன் செய்யுங்கள்.

எந்த இயங்குதளமாக இருந்தாலும், கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் புராஜெக்டை வைக்காதீர்கள். நோட் மாட்யூல்ஸின் ஒவ்வொரு ஃபைலையும் அது மேலே ஏற்ற முயலும்.

17. டாக்கர்ல ஒரு வரி மாத்தினாலும் எல்லாப் பேக்கேஜும் திரும்ப இறங்குது. ஏன்?

டாக்கர்ஃபைலில் முழு ரெப்போவையும் காப்பி செய்த பிறகு இன்ஸ்டால் வரி இருக்கிறதா? அப்படியென்றால் எந்த ஃபைல் மாறினாலும் அந்தக் காப்பி வரி உருவாக்கிய லேயரும் (இமேஜின் அடுக்கு) அதற்குப் பின் வருபவையும் செல்லாதவை ஆகிவிடும். முதலில் பேக்கேஜ் ஜேசானையும் லாக் ஃபைலையும் மட்டும் காப்பி செய்து, இன்ஸ்டால் செய்து, அதற்குப் பிறகு மற்ற கோடை காப்பி செய்யுங்கள்.

லாக் ஃபைலே மாறும்போது? அதற்கு டாக்கரின் பில்ட் இன்ஜினான பில்ட்கிட்டின் கேஷ் மவுண்ட் இருக்கிறது. இன்ஸ்டால் ஓடும் வரியில் 'மவுண்ட்' ஆப்ஷனை கேஷ் வகையாகக் கொடுத்து, என்பிஎம்மின் அல்லது பிப்பின் கேஷ் ஃபோல்டரைக் காட்டினால், லேயர் செல்லாததானாலும் டவுன்லோட் செய்தவை அடுத்த பில்டுக்குக் கிடைக்கும். இமேஜுக்குள்ளும் அது போய்ச் சேராது. கேஷ் மவுண்ட் போட்டுவிட்டு 13ஆவது பதிலில் சொன்ன 'நோ-கேஷ்-டைரக்டரி'யையும் விட்டுவைத்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

மேக்கிலும் விண்டோஸிலும் புராஜெக்டை கன்டெய்னருக்குள் பைண்ட் மவுண்ட் செய்து (கணினியின் ஃபோல்டரையே உள்ளே காட்டி), உள்ளே இன்ஸ்டால் ஓட்டுகிறவர்கள் நோட் மாட்யூல்ஸுக்கு மட்டும் ஒரு நேம்டு வால்யூம் (டாக்கரே வைத்திருக்கும் சேமிப்பிடம்) கொடுங்கள். அப்போது அந்த ஃபைல்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே இருக்கும், எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. மேக்கில் இன்ஸ்டால் ஆன பைனரி லினக்ஸ் கன்டெய்னருக்குள் போய் உடையும் பிரச்சினையும் கூடவே தீரும்.

18. பிராஞ்ச் மாத்தும்போதெல்லாம் இன்ஸ்டால் போட வேண்டியிருக்கு.

ஒவ்வொரு முறையும் தேவையில்லை. லாக் ஃபைல் மாறினால் மட்டும் போதும். கிட்டின் போஸ்ட்-செக்அவுட், போஸ்ட்-மெர்ஜ் ஹுக்குகளில், பழைய கமிட்டுக்கும் புதிய கமிட்டுக்கும் இடையே லாக் ஃபைல் மாறியதா என்று பார்த்து, மாறியிருந்தால் மட்டும் இன்ஸ்டாலைக் கூப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவையுங்கள்.

அடிக்கடி இரண்டு பிராஞ்சுகளுக்கு நடுவே தாவுகிறீர்கள் என்றால் கிட் வொர்க்ட்ரீ (ஒரே ரெப்போவின் பிராஞ்சுகளைத் தனித்தனி ஃபோல்டரில் வைப்பது) நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனி நோட் மாட்யூல்ஸ் வேண்டுமே என்றால், பிஎன்பிஎம்மிலும் யூவியிலும் அது ஏறக்குறைய இலவசம். காரணம் 10ஆவது, 12ஆவது பதில்களில் இருக்கிறது. ஒரே நோட் மாட்யூல்ஸை இரண்டு இடத்துக்கும் சிம்லிங்க் போடுவது மட்டும் வேண்டாம். ஒரு பிராஞ்சில் போட்ட இன்ஸ்டால் இன்னொன்றை உடைக்கும்.

19. டீமுக்குன்னு ஒரு லோக்கல் ரெஜிஸ்ட்ரி வச்சா நல்லதா?

ஒருவர் மட்டும் என்றால் தேவையில்லை, உங்கள் கேஷே அந்த வேலையைச் செய்கிறது. ஒரே நெட்வொர்க்கில் பலர் இருந்து, வெளி நெட் மெதுவாக இருந்தால் பலன் உண்டு. என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, பைதானுக்கு டெவ்பை எளிதானவை. நெக்ஸஸ், ஆர்ட்டிஃபேக்டரி பெரியவை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என்பிஎம்மின் லாக் ஃபைலில் ஒவ்வொரு பேக்கேஜும் இறங்கிய முகவரி எழுதியிருக்கும். அது என்பிஎம்மின் பொது ரெஜிஸ்ட்ரி முகவரி என்றால், நீங்கள் கான்ஃபிக்கில் கொடுத்த ரெஜிஸ்ட்ரியாக அது தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒருவர் தன் உள் ரெஜிஸ்ட்ரியில் இருந்தபடி லாக் ஃபைலைப் புதுப்பித்து கமிட் செய்துவிட்டால் அந்த உள் முகவரி லாக் ஃபைலில் பதிந்துவிடும். அது எட்டாத இடத்தில் இருப்பவருக்கு இன்ஸ்டால் தொங்கும். லாக் ஃபைல் மாற்றங்களை ரிவியூ செய்யும்போது முகவரிகளையும் பாருங்கள். 'ரீப்ளேஸ்-ரெஜிஸ்ட்ரி-ஹோஸ்ட்' ஆப்ஷனை 'ஆல்வேஸ்' என்று வைத்தால் எந்த முகவரியாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளும்.

20. சில சமயம் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டு, அப்புறம் சர்ருன்னு ஓடுது. அது ஏன்?

மெதுவாக ஓடுவதும் நின்று ஓடுவதும் ஒன்றல்ல. நின்று ஓடினால் ஏதோ ஒரு சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்து, அலுத்து, வேறு வழி தேடியிருக்கிறது. என்பிஎம் ஒரு விசாரணை தோற்றால் குறைந்தது 10 வினாடி காத்திருந்துதான் மறுபடி முயலும். அந்தச் சர்வர் முன் பதிலில் சொன்ன எட்டாத உள் ரெஜிஸ்ட்ரியாக இருக்கலாம், கான்ஃபிக்கில் மறந்துபோன பழைய ப்ராக்ஸியாக இருக்கலாம், விபிஎன் அணைந்திருக்கலாம்.

இன்னொரு பழைய எதிரி பாதி வேலை செய்யும் ஐபிவி6. முகவரி கிடைக்கும், வழி இருக்காது. நோட் 17லிருந்து டிஎன்எஸ் தரும் வரிசையிலேயே முகவரிகளை எடுப்பதால் இது அடிக்கடி வெளியே தெரிந்தது. நோட் 20 இரண்டு வகை முகவரிகளையும் முயன்று பார்ப்பதால் குறைந்திருக்கிறது. சோதிக்க, 'நோட் ஆப்ஷன்ஸ்' வேரியபிளில் டிஎன்எஸ் வரிசையை 'ஐபிவி4ஃபர்ஸ்ட்' என்று கொடுத்து ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

21. ரஸ்ட், கோ எல்லாம் இதே மாதிரிதானா?

கோவில் மாட்யூல் கேஷும் பில்ட் கேஷும் கணினி முழுவதற்கும் பொது, பெரிதாகச் செய்ய எதுவுமில்லை. ரஸ்டில் டவுன்லோட் பிரச்சினையே அல்ல. 2023இல் வந்த 1.70 முதல் கார்கோ தேவையான பேக்கேஜ்களின் இன்டெக்ஸை மட்டும் கேட்டு வாங்குகிறது. அதற்கு முன் முழு இன்டெக்ஸையும் கிட் ரெப்போவாக இறக்கியது. நேரம் போவது கம்பைலில். 'கார்கோ பில்ட்' கமாண்டோடு 'டைமிங்ஸ்' ஆப்ஷன் கொடுத்து எந்தக் கிரேட் (ரஸ்ட் பேக்கேஜ்) நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள், தேவையில்லாத ஃபீச்சர்களை அணையுங்கள், பல புராஜெக்ட் இருந்தால் எஸ்சிகேஷ் (கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் டூல்) போடுங்கள்.

22. எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், இன்னும் மெதுவாத்தான் இருக்கு.

அப்படியென்றால் டிபென்டன்சிகளையே எண்ணிப் பார்க்கும் நேரம். 'என்பிஎம் லிஸ்ட்' கமாண்டை 'ஆல்' ஆப்ஷனோடு போட்டு முழு மரத்தையும் பாருங்கள். ஏன் வந்தது என்று தெரியாத பெயர் ஒன்றைப் பிடித்து 'என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன்' என்று கேட்டால் அதை யார் இழுத்துவந்தது என்று சொல்லும். பைதானில் 'யூவி ட்ரீ' அதே வேலையைச் செய்யும். ஒரே லைப்ரரியின் மூன்று பதிப்புகள், எப்போதோ சோதித்துவிட்டு நீக்க மறந்த டூல், ஒரே வேலைக்கு இரண்டு தேதி லைப்ரரிகள் என்று ஏதாவது கட்டாயம் இருக்கும். என்பிஎம்மில் தேவையற்ற பல பதிப்புகளை ஒன்றாக்க 'டீடியூப்' உண்டு.

பல புராஜெக்டுகள் சேர்ந்த மோனோரெப்போ என்றால், நீங்கள் தொடும் பகுதியை மட்டும் இன்ஸ்டால் செய்ய பிஎன்பிஎம்மின் 'ஃபில்டர்' ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். டாக்குமெண்டேஷன் தளத்துக்கோ, மொபைல் ஆப்புக்கோ வேண்டியதெல்லாம் பேக்எண்ட் வேலை செய்பவரின் கணினியில் இறங்க வேண்டிய அவசியமில்லை. எதைக் குறைத்தாலும், 3ஆவது பதிலில் சொன்ன மூன்று ஓட்டங்களையும் மறுபடி ஓட்டி, பழைய நேரத்தோடு ஒப்பிட்டுவிட்டு கமிட் செய்யுங்கள்.